சீட்டுக்கு அடியில்

எழுபத்து மூன்றாவது நாள்.
காளவாசல் சிக்னலில் தொண்ணூறு நொடி சிவப்பு.
ஆட்டோக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி
கீழிமையை இழுத்துப் பார்க்கிறேன்.
மஞ்சளா, இல்லை
பின்னால் உறுமும் பஸ்ஸின் வெளிச்சமா.
"அண்ணே, பச்சை விழுந்துருச்சு"
என்கிறது பின்சீட்டுக் கல்லூரிப் பை.

பதினெட்டு வருஷம் குடித்தேன்.
அப்போதெல்லாம் ஈரல் என்பது
நெல்பேட்டைக் கறிக்கடையில் மட்டும்தான் இருந்தது.
கால் கிலோ, மிளகு தூக்கலாய்,
கிளாசுக்குப் பக்கத்தில்.
விட்ட பிறகுதான் தெரிந்தது
எனக்குள்ளேயும் ஒன்று உண்டென்று.
வாடகைப் பாக்கிக்கு வந்தவன் மாதிரி
நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறது,
ஒன்றும் கேட்காமல்.

காசிமாயனுக்கு முதலில் கால்தான் வீங்கியது.
செருப்பு பத்தவில்லையென்று
ஒன்பதாம் நம்பர் வாங்கினான்.
பிறகு வயிறு.
பெரியாஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு
வெளியே வந்த நாங்கள் நாலு பேரும்
அந்தத் துக்கத்துக்கும் குடித்தோம்.
இப்போது தினமும் காலையில்
செருப்பு வாரை இழுத்துப் பார்க்கிறேன்,
அதே ஓட்டையா, அடுத்ததா.

விளக்குத்தூணில் இறங்கிய பாய் ஒருவர்
சில்லறையோடு சேர்த்துச் சொல்லிப்போனார்,
ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி.
அன்றைக்கு நின்றபடியே மூன்று கிளாஸ் ஜிகர்தண்டா.
படுத்த பிறகு சர்க்கரை ஞாபகம் வந்தது,
அதற்குப் பிறகு பாலாடை.
விடியும்வரை புரண்டேன்.

ஸ்கேன் சென்டரில் அந்தப் பெண்
வலது விலாவில் குளிர்ந்த பசையைத் தடவினாள்.
"வலி இந்தப் பக்கம்மா" என்று இடப்பக்கம் காட்டினேன்.
"அங்க ஈரல் கிடையாதுங்க சார்."
ஒரு மாதமாய் நான்
அமுக்கி அமுக்கிப் பயந்தது எதை?
கேட்கவில்லை.
அன்றிரவே வலி
சட்டி பானையோடு வலப்பக்கம் குடிபோனது.

"கொஞ்சம் கொழுப்பு. கரைஞ்சிரும்.
மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர்.
மூன்று மாசம்!
மூன்றாம் நாளே எல்லீஸ் நகரில் ரத்தம் கொடுத்தேன்.
அடுத்த வாரம் வில்லாபுரத்தில்.
ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. ஐம்பத்தாறு.
அறுபத்தொன்று வந்த அன்று
ஒரு சவாரியும் ஏற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வண்டி கழுவ
பஞ்சவர்ணம் பின்சீட்டைத் தூக்கினாள்.
பைப்பை மூட மறந்து நின்றேன்.
அந்த இடம் அவளுக்குப் பழக்கம்.
ஜாக்கிக்கும் கந்தல் துணிக்கும் நடுவில்
எத்தனை குவார்ட்டரைக் கண்டெடுத்து
சாக்கடையில் கவிழ்த்திருக்கிறாள்.
கை விட்டாள். இந்த முறை வந்தது
ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக் கட்டு.
மூன்று லேப், ஏழு ரசீது.
பழைய வழக்கத்தில்
முதலில் முகர்ந்து பார்த்தாள்.
பிறகு உதட்டுக்குள் கூட்டினாள்.

"மூவாயிரத்து அறுநூறு.
இருபத்துநாலு குவார்ட்டரு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"ஒளிச்சு வைக்கிறத எப்ப விடப்போற?"
தண்ணீர் தெருமுனை வரைக்கும் போயிருந்தது.

டாக்டர் சொன்ன தேதியில்
காலண்டரில் ஒரு வட்டம் போட்டிருக்கிறாள்.
இன்னும் அறுபத்திரண்டு நாள்.
அதுவரை ஊசி கிடையாது, லேப் கிடையாது,
காசு அவளிடம்.

சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு
மார்க்கெட் போய்த் திரும்புகையில்
மறுபடி காளவாசல், மறுபடி தொண்ணூறு நொடி.
கண்ணாடியைத் தொடவில்லை என்றால் அது பொய்.
ஒருதரம் திருப்பினேன்.
கொஞ்சம் கூடத் திருப்பிவிட்டேன் போல,
மடியில் முருங்கைக்காய்ப் பையோடு
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்தத் தெருவிளக்கில்
அவள் கண்ணும் மஞ்சள்தான்.